என் எண்ணிக்கை, அவர் கையெழுத்தில்

நான் எண்ணிய இறால் குஞ்சுகள் அத்தனையும் இன்னொருவருடைய கையெழுத்தில்தான் இருக்கின்றன. காரணம் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. என் கை ஈரம்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறேன். என் எண்களை எழுதும் அவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறார். மாதத்தில் ஒரு நாள் இருவரும் ஒரே தோணியில் மட்டக்களப்பு வாவியில் இறங்குவோம். கல்லடிப் பாலத்தடியிலிருந்து தெற்கே குருக்கள்மடம் வரை எட்டு இடங்கள். பாலத்தடி ஒன்று, குருக்கள்மடம் எட்டு. ஒவ்வோர் இடத்திலும் நான் கைவலையால் அள்ளி, வெள்ளைப் பேசனில் கொட்டி, இறால் குஞ்சுகளை எண்ணி, மறுபடி தண்ணீரில் விடுவேன். அவர் போத்தலில் தண்ணீர் மொண்டு இரண்டு துளியைக் கருவியில் விட்டு, அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உப்பளவைப் பார்ப்பார். அந்த நேரம் அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் பயணத்தில் என் எண்ணிக்கையை நானே எழுதப் போய்க் கொப்பி தோசை மாவு மாதிரிக் குழைந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி என்னையே நான் ஏசிக்கொண்டிருந்தபோது அவர் தன் கொப்பியை விரித்தார்.

"நீங்க சொல்லுங்க மிஸ், நான் எழுதுறன்."

அவர் கருவியைப் பிடித்திருக்கும்போது நான் கையைத் துடைத்துவிட்டு அவருடைய உப்பளவை என்னுடைய இன்னொரு கொப்பியில் எழுதினேன். அன்று தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது. என் எண்கள் அவருடைய கொப்பியில், அவருடைய எண்கள் என்னுடைய கொப்பியில். அதில் ஒரு நன்மையும் இருந்தது. தன் எண்ணைத் தானே எழுதுகிறவனுடைய கை, தான் எதிர்பார்த்த பக்கம் கொஞ்சம் சாயும். அடுத்தவர் எழுதினால் சாயாது. வருட முடிவில் அவர் தொலைபேசியில் என் எண்களை வாசிக்க நான் கணினியில் அடிப்பேன். பிறகு அவருடையதை நான் வாசிக்க அவர் அடிப்பார். இப்படி ஐந்து வருடம், ஒரு மாதம்கூட விடாமல். பெற்றோல் வரிசைக் காலத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுச் செட்டிபாளையத்துத் தோணிக்காரர் தடி ஊன்றியே எங்களைக் கொண்டுபோனார். ஒரு மாதமும் விடுபடாத அந்த அட்டவணைதான் எங்கள் இருவருடைய சொத்து. வேறு பெருமை எதுவும் எனக்குக் கிடையாது.

அதிலிருந்து எங்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பொன்று கிடைத்திருந்தது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் இறால் குஞ்சுகள் வாவியின் வடக்கே, பட்டணத்துக்குப் பக்கத்தில் கூடி நின்றன. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மட்டும் அவை தெற்கே, உப்புக் குறைந்த பக்கத்துக்குப் போயின. வரைபடத்தில் அது அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. அதைப் பார்த்த அன்று நாங்கள் இருவரும் காத்தான்குடியில் ஆளுக்கு இரண்டு பலூடா குடித்தோம்.

பிறகு எங்களுடைய சின்ன உதவித்தொகை முடிந்தது. அதே மாதத்தில் பெரிய உதவித்தொகை ஒன்றுக்கு அறிவித்தல் வந்தது. அறிவித்தலின் முதல் பந்தியிலேயே கூட்டாய்வு என்ற சொல் மூன்று தடவை வந்திருந்தது. கடைசிப் பந்தியில், வாவிகள் களப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயொரு விண்ணப்பம்தான் தெரிவு செய்யப்படும், அதற்குப் பொறுப்பு ஒரேயொரு நிறுவனம் என்று இருந்தது. எல்லோரும் கைகோத்து வாருங்கள், வாசலில் ஒருவரைத்தான் விடுவோம் என்ற மாதிரி.

முதலில் நாங்கள் ஒன்றாகத்தான் போடுவதாக இருந்தோம். ஒருவர் மற்றவருடைய ஆய்வில் பங்கேற்பதற்கான சம்மதக் கடிதத்தில் இருவரும் கையெழுத்தும் வைத்துவிட்டோம். அதற்கு அடுத்த நாள் எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

"மற்ற இடத்தோட சேர்ந்து போட்டா புள்ளி அவங்களுக்குத்தான் போகும். எங்கட துறைக்கு என்ன மிஞ்சும்? நீங்க தனியப் போடுங்க மிஸ். இல்லாட்டி அடுத்த வருசம் ஆய்வுகூடத்துக்கு நான் என்னத்தச் சொல்லி ஆள் கேக்கிற?"

நான் மறுத்திருக்கலாம். எனக்கு வாய் பெரிது என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். தேவைப்படுகிற நேரத்தில் அந்த வாய் எங்கே போகிறதென்று எனக்கே தெரிவதில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபம் வந்தால் நான் ஆய்வுகூடத்துப் போத்தல்களைக் கழுவுகிறவள். அன்று கழுவின போத்தல்களையே திரும்பக் கழுவினேன். மாலையில் இரசாயனவியல் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இந்த முறை நாங்க தனித்தனியப் போடுவம் சேர். எங்கட துறையில விடுறாங்கல்ல."

"ஓம் மிஸ், விளங்குது. இங்கயும் அதத்தான் சொல்றாங்க" என்றார் அவர். அவ்வளவு இலகுவாக விட்டுவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் வந்தது. என் நியாயம் அப்படித்தான்.

விண்ணப்பத்தோடு களக் கொப்பியின் மூலப் பக்கங்களையும் படமெடுத்து இணைக்கவேண்டும் என்று விதி. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. என் இறால்கள் அவருடைய வீட்டு அலுமாரியில். அவருடைய உப்பு என்னுடைய மேசை லாச்சியில்.

கடைசித் திகதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காத்தான்குடி வீதியோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கொப்பிகளை மாற்றிக்கொண்டோம். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. நான் முச்சக்கர வண்டியை அனுப்பவில்லை. "ஒரு சின்னக் கணக்குச் சரிபார்க்க இரிக்கு" என்றேன். "எனக்கும்தான்" என்றார். இரண்டு பேருக்கும் எதற்கென்று தெரியும். கள்ளச் சாமான் மாற்றுகிறவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

ஐந்து வருடத்தில் அவருடைய கொப்பியை நான் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் வாசிப்பார், நான் அடிப்பேன், அவ்வளவுதானே. திங்கட்கிழமை காலை முதல் பக்கத்தைப் படமெடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. என் எண்களுக்குப் பக்கத்தில், ஓரமாக, சின்ன எழுத்தில் அவர் தான் கேட்டதையெல்லாம் எழுதி வைத்திருந்தார். 'மீன் துள்ளினது.' 'மிஸ் ஏசுறா.' 'கரையில ஆரோ தேங்காய் உரிக்கிற.' தோணியில் அவர் ஏதோ கிறுக்குவதைப் பார்த்து, இதெல்லாம் எந்தக் கட்டுரைக்கு சேர் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ பக்கத்தில் என் கை நின்றது. அது கச்சான் மாதம் ஒன்று. ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'கோயில் மணி' என்று இருந்தது. எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'கல்லடிப் பாலத்தில பஸ் ஹோர்ன்' என்று இருந்தது.

ஒன்றாம் இடம்தான் பாலத்தடி. மணி கேட்கிற கோயில் குருக்கள்மடத்தில், எட்டாம் இடத்தின் கரையில்.

அடுத்த கச்சான் மாதத்தைப் புரட்டினேன். ஒன்று, கோயில் மணி. அதற்கடுத்ததையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதேதான். கச்சான் தென்மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றை எதிர்த்து ஒரு சின்ன எஞ்சினோடு தெற்கே போக முடியாது. ஆகவே அந்த மாதங்களில் மட்டும் நாங்கள் பஸ்ஸில் குருக்கள்மடத்துக்குப் போய் அங்கிருந்து தோணியேறி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடக்கே பட்டணத்துக்கு வருவோம். எட்டில் தொடங்கி ஒன்றில் முடிப்போம். அவருடைய கொப்பியில் அந்த எட்டு ஒன்றாகவும் ஒன்று எட்டாகவும் இருந்தன. நான் எழுதி அவர் கணினியில் அடித்த அட்டவணையில் அவருடைய உப்பளவுகள் சரியான இடத்தின் எண்ணோடு இருந்தன. இறால் மட்டும் தலைகீழ்.

தாளில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழகான வரைபடம் ஐந்து நிமிடத்தில் செத்துப்போனது. இறால் குஞ்சுகள் கச்சானில் தெற்கே போகவில்லை. எங்கேயும் போகவில்லை. வருடம் முழுக்க நின்ற இடத்திலேயே நின்றன. திரும்பியது நாங்கள்தான்.

கச்சான் மாதங்களில் பயணம் முடிகிற நேரம் பட்டணத்துப் பக்கத்தில் பேசன் நிறைய இறால் துள்ளியதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் கணினியில் வரைபடம் ஒன்று வந்துவிட்டால் கண்ணை நம்புகிற பழக்கம் எங்களைப் போன்றவர்களுக்குப் போய்விடுகிறது. அந்த வரைபடம்தான் என் விண்ணப்பத்தின் உயிர். அவருடைய விண்ணப்பத்துக்கும் அதுவேதான் உயிர்.

நான் தரவில் களவெடுக்கிறவள் இல்லை. இதை என்னைப்பற்றிய நல்ல வார்த்தையாகச் சொல்லவில்லை. அடுத்து நான் செய்ததைப் பார்த்தால் விளங்கும். அன்று பகல் முழுக்க இருந்து என் எண்களைத் திருத்தினேன். கண்டுபிடிப்பை வெட்டி எறிந்தேன். வருடம் முழுக்க இறால் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்ற சாதாரணக் கேள்வியை வைத்து விண்ணப்பத்தைப் புதிதாக எழுதத் தொடங்கினேன். உப்பளவு பற்றிய இடத்தில் 'கள ஆய்வில் பெறப்பட்டது' என்று எழுதினேன். யார் அளந்தார் என்று எழுதவில்லை. எழுதினால் அவருடைய பெயர் வரும். பெயர் வந்தால் கடிதம் வேண்டும், கடிதம் வந்தால் துறைத் தலைவர் வருவார்.

அவருக்கு மட்டும் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். என் கணக்கை இன்னொருமுறை உறுதிப்படுத்திவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். பிழையான எண்ணைச் சொல்லி அந்த மனுசனைக் குழப்பக்கூடாதே என்றுகூட நினைத்தேன். மனம் சாட்டுத் தேடத் தொடங்கினால் எவ்வளவு மரியாதையான சாட்டெல்லாம் அதற்குக் கிடைக்கிறது! அடியில் கிடந்த உண்மை வேறு. இரண்டு விண்ணப்பமும் ஒரே மேசைக்குப் போகும். ஒரே வாவி, ஒரே மாதம், இரண்டு விதமான எண்கள். ஒன்று சரி, மற்றது பிழை. சரியானது என்னுடையது. இதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

செவ்வாய்க்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் அவராயிருக்குமோ என்று எடுக்காமல் விட்டேன். அவராயில்லை என்று தெரிந்தும் எடுக்கவில்லை. பிசைந்த சோற்றில் கை வைத்தபடி நான் இருந்ததைப் பார்த்து என் கணவர், "விண்ணப்பம்தானே, உயிரா போகப்போகுது?" என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அழுகை வந்தது. என்னவென்று அவரிடமும் சொல்லவில்லை. அதுவரைக்கும், பிழை சேருடைய கொப்பியில் சேருடைய கையெழுத்தில்தானே இருக்கிறது என்ற ஒரு ஆறுதல் எனக்கு மிஞ்சியிருந்தது.

புதன்கிழமை அதுவும் போனது. படமெடுத்த பக்கங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு ஓரத்தில் 'மிஸ் சத்தமா ஒண்டு எண்டு சொல்றா, காத்து' என்று இருந்தது. அப்படியே அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. தோணியில் நான் ஒருபோதும் நிமிர்வதில்லை. பேசனுக்குள்தான் என் தலை. கரை எது, கோயில் எது, பாலம் எது என்று பார்ப்பதில்லை. முதல் வலையை அள்ளினால் எனக்கு அது ஒன்று. அடுத்தது இரண்டு. கச்சான் காற்றுக்குள் தொண்டை கிழிய நான் கத்தினதைத்தான் அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். கருவியை வெளிச்சத்துக்குப் பிடிக்கிற அவர் கரையைப் பார்க்கிறவர். தன் உப்பளவைச் சொல்லும்போது இடத்தைப் பார்த்துச் சரியாக "எட்டு" என்று சொன்னார், நானும் அப்படியே எழுதினேன். கையெழுத்து அவருடையது. பிழை என்னுடையது.

வியாழக்கிழமை இரண்டு விரிவுரைகள். என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது முடிந்ததும் கொப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறினேன். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்க்கவில்லை. காத்தான்குடியில் இறங்கி அவருடைய வீட்டுக்கு நடந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

அவர் அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். அவருடைய மனைவி என்னை விறாந்தையில் இருத்தி, "முகம் என்ன இப்பிடிக் கருத்துக் கிடக்கு? சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் கொப்பியை மேசையில் விரித்து அந்த இரண்டு ஓரக் குறிப்புகளையும் விரலால் காட்டினேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கோயில் மணியைப் படித்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. பக்கங்களைத் தானே புரட்டினார். ஒவ்வொரு கச்சான் மாதமாகப் புரட்டினார்.

"அப்ப தெற்கால போகயே இல்லையா?"

"இல்ல சேர். நாங்கதான் தெற்கால இருந்து வந்திருக்கம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் நேத்து அனுப்பிட்டன் மிஸ்."

பிழை என்னுடையது, நான்தான் ஒண்டு ஒண்டு என்று கத்தினேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"எழுதினது நான்தானே. கோயில் மணியயும் எழுதிப்போட்டு அதுக்குப் பக்கத்துல ஒண்டு எண்டும் எழுதியிரிக்கன். ஒரு வார்த்த கேக்காம விட்டது என்ட பிழ. ரெண்டு பேரும்தான் மிஸ். அத விடுங்க." பிறகு, சாதாரணமாகத்தான், கேட்டார். "எப்ப கண்டீங்க?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போதே அந்தச் சொல்லை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் பொய் சொல்ல இலகுவாயிருந்திருக்கும்.

"திங்கக்கிழமை" என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணவில்லை. ஆனால் எண்ணியது எனக்குத் தெரிந்தது. திங்கள், செவ்வாய், புதன். அவர் அனுப்பியது புதன். பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. "தொழுதிட்டு வாறன், இரிங்க" என்று எழுந்து போனார்.

அந்த அரை மணித்தியாலத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் இருந்து, தோணியில் இவர் தொப்பி போடுகிறாரா, வெயிலில் காய்ந்துவிட்டு வந்து தலையிடி என்கிறாரே என்று கேட்டார். போடுகிறார் என்றேன். பள்ளிவாசலிலிருந்து அவர் திரும்பி வந்து என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லமாட்டார் என்றும் தெரிந்தது. சொன்னால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

வந்தவர் நேரே கணினியைத் திறந்தார். "இத இப்பிடியே விடேலா. பிழ எண்டு தெரிஞ்ச பிறகு விடேலா" என்று தனக்குத்தானே சொன்னார். நாளைக்குப் பின்னேரம் வரை நேரம் இருக்கிறது, திருத்தி மறுபடி அனுப்பலாமே என்றேன். அவருடைய விண்ணப்பம் முழுக்க அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. புதிதாக எழுதி, அவருடைய பீடத்தில் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. எனக்குக் கிடைத்த மூன்று நாள் அவருக்குக் கிடைத்திருந்தால் முடிந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை மீளப் பெறுவதென்று முடிவெடுத்தார்; அதற்கு முன் அதன் முதல் பக்கம் திரையில் வந்தது. முதல் வரியில் அவருடைய பெயர். அதற்குக் கீழே, இணை ஆய்வாளர் என்ற இடத்தில், என்னுடைய பெயர். கீழே இணைப்பாக, தொடக்கத்தில் நான் கையெழுத்து வைத்த அந்தச் சம்மதக் கடிதம்.

"சேர், நாங்க தனித்தனியப் போடுவம் எண்டுதானே..."

"உங்கட எண்ணிக்கைய வைச்சி எழுதிப்போட்டு உங்கட பேர வைக்காம எப்பிடி அனுப்புற?" என்றார். பீடத்தில் கேட்டார்களாம். கொப்பியில் எழுதினது நான், எண்ணினது அவ என்று சொன்னாராம். பிறகு பொத்தானை அழுத்தினார். மீளப் பெறப்பட்டது என்று திரையில் வந்தது.

என்னுடைய விண்ணப்பத்தை அவர் பார்க்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன், இரண்டு பேச்சும் வாங்கியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். வாசல் வரை வந்து, என் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, "பஸ் இரிக்கும், கெதியாப் போங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக என் விண்ணப்பத்தில் ஒரு வரியைத் திருத்தினேன். உப்பளவை எடுத்தவர் இன்னார் என்று பெயரைப் போட்டேன். துறைத் தலைவர் அதைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், கையெழுத்து வைத்தார். அந்த முகத்தை அவருக்குத் திங்கட்கிழமைக்கு முதலே நான் காட்டியிருக்க வேண்டும். மத்தியானத்துக்கு முன் அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதப் பயணம் பத்து நாள் கழித்து. அவர் வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விடியற்காலையில் கல்லடிப் பாலத்தடியில் பேசனையும் வலையையும் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வராவிட்டால் அந்த மாதத்தில் இறால் இருக்கும், உப்பு இருக்காது. ஐந்து வருடத்தில் முதல் ஓட்டை விழும். அதைவிட, அந்த ஓட்டைக்கு நான்தான் காரணம் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். தோணிக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சேர் இன்னும் வரல்லயா புள்ள? எந்த நாளும் முதல் ஆளா நிப்பாரே" என்றார். பாலத்தில் போகிற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் பார்த்தேன்.

அவர் வந்தார். வழக்கத்தைவிடக் கால் மணித்தியாலம் பிந்தி, அதே தொப்பியோடு. "வீட்டில தண்ணி மோட்டர் பழுது" என்றார். தோணியில் ஏறி, பையைத் திறந்து இரண்டு கொப்பிகளை எடுத்தார். ஒன்று பழையது. மற்றது புதியது, கடை வாசம் போகாதது.

ஒன்றாம் இடத்தில் நான் எண்ணி முடித்ததும் பழைய கொப்பியை விரித்து, "சொல்லுங்க மிஸ்" என்றார். சொன்னேன். எழுதினார். பிறகு தண்ணீர் மொண்டு, கருவியை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். நான் கையைச் சேலைத் தலைப்பில் அவசரமாகத் துடைத்து என் கொப்பியை எடுத்தேன். அவர் கருவியை மடியில் வைத்துவிட்டு, விரல்களை உடுத்திருந்த சாரத்தில் ஒற்றி, புதிய கொப்பியில் தானே எழுதினார். முகத்தில் கோபம் இல்லை. அடுத்த இடத்துக்குப் போகும்போது அங்கே கரையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பற்றிக் கதைத்தார்.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. துறையில் கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு துண்டை ஊட்டிப் படமெடுத்தார்கள். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாஷா அல்லாஹ், நல்ல விசயம்" என்றார், மனம் நிறைந்துதான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. உங்களை இதற்குள் இணை ஆய்வாளராகச் சேர்க்கக் கடிதம் எழுதியிருக்கிறேன் என்றேன். "அதெல்லாம் பாப்பம். அடுத்த பயணம் எப்ப?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் அவர் விடவில்லை. அட்டவணையில் ஓட்டை இல்லை. இந்தக் கச்சானில் மறுபடி குருக்கள்மடத்திலிருந்து தொடங்கினோம். இப்போது நான் முதல் வலையை அள்ளுவதற்கு முன் நிமிர்ந்து கரையைப் பார்க்கிறேன். கோயில் மணி கேட்டது. "எட்டு" என்று கத்திவிட்டு எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் பழைய கொப்பியில் எழுதி, ஓரத்தில் வேறு ஏதோவும் எழுதினார். மணியாகத்தான் இருக்கும். பிறகு கருவியைத் தூக்கிப் பிடித்தார். காற்று அடித்ததில் என் கை அதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தது. கொப்பியும் பேனையும் மடியில் இருந்தன.

"சொல்லுங்க சேர், நான் எழுதுறன்" என்றேன்.

"வேணாம் மிஸ்" என்றார், புதிய கொப்பியை மூடிக்கொண்டே. "நான் எழுதிட்டன்."